எண்ணெயின் மேல் போட்ட பழி

துணி வெட்டுகிறவளுக்குத் துப்பாக்கி எதற்கு? இந்தக் கேள்வியைக் கேட்காத வாய் அந்தத் தெருவில் இல்லை. கேட்டவர்களில் ஒருவன் சீட்டாடுவான். ஒருவன் புறா வளர்ப்பான். இன்னொருவன் பழைய வானொலிப் பெட்டிகளை வாங்கிப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் விழிப்பான். அவற்றுக்கெல்லாம் பொழுதுபோக்கு என்று பெயர். ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காகிதத்தில் நாலு ஓட்டை போட ஆசைப்பட்டால் அதற்கு மட்டும் கிறுக்கு என்று பெயர்!

அவள் கட்டிங் மாஸ்டர். தைக்கும் பெண்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். மின்கத்தி பிடிக்கும் பெண் அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். அதனால் எல்லோருக்கும் அவள் மாஸ்டரம்மா. கட்டிய கணவனும், அன்பு மிகுந்தாலும் வம்பு மிகுந்தாலும், அப்படித்தான் அழைப்பான். அவன் தையல் இயந்திரம் பழுது பார்க்கும் மெக்கானிக்.

வீட்டின் முன்கூடத்தை ஒரே ஒரு நீள மேசை அடைத்துக்கொண்டிருந்தது. சட்டைக் கம்பெனியின் வண்டி வாசலில் துணிச்சுருள்களை இறக்கிவிட்டுப் போகும். அவற்றை மேசைமேல் அடுக்கடுக்காய் விரிப்பாள், சுருக்கம் நீவுவாள், மேலடுக்கில் சாக்கட்டியால் கோடு போடுவாள். பிறகு மின்கத்தியை வலது கையால் தள்ளி, இடது கையால் துணியை அமுக்கிக்கொண்டு, கோட்டின்மேல் நடத்திச் செல்வாள். அந்தக் கத்தி விரலென்றும் துணியென்றும் பேதம் பார்க்காது. அதற்கென்று கம்பிக் கையுறை உண்டு. கையுறை போட்டால் துணி கைக்குப் பேசாது என்று சொல்லி, அதை ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். கத்திக்கும் விரலுக்கும் நடுவே அவள் நம்பிய காவல் கண் ஒன்றுதான்.

வெட்டிய துண்டுகள் பின்னறைக்குப் போகும். அங்கே துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் இயந்திரத்தில் அவளுடைய நாத்தனார் உட்கார்ந்திருப்பாள். இயந்திரம் நின்றாலும் அவள் வாய் நிற்காது.

துப்பாக்கி ஆசை புதிதன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பொருட்காட்சியில் பலூன் சுடும் கடையில் அவள் எடுத்துச் சுட்ட ஒவ்வொரு குண்டும் ஒரு பலூனை உடைத்தது. "அம்மா, போதும்மா, நானும் பொழைக்கணும்" என்று கடைக்காரன் கும்பிட்டான். கூட்டம் கைதட்டியது. அவள் உழைப்பைப் புகழ்ந்தவர்கள் உண்டு, பொறுமையைப் புகழ்ந்தவர்கள் உண்டு. விளையாட்டுக்காக அவளுக்குக் கைதட்டியது அன்றொரு நாள்தான். அந்த ஓசை அவள் காதைவிட்டு இறங்கவேயில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை கணவனும் மனைவியுமாய்க் காற்றுத் துப்பாக்கி வாங்க விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பருத்த உடம்பும் பதறாத பேச்சும் உடையவர்.

"யாருக்கும்மா? பையனுக்கா?"

"எனக்கு."

"உங்களுக்கா?"

"ஏன் சார், அவங்களுக்குத் தோள் இல்லையா?" என்றான் மெக்கானிக்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "தப்புதாங்க. சரி, என்ன சுடப் போறீங்க? காக்கா, குருவி?"

"உயிருள்ளது எதையும் தொட மாட்டேன். காகிதம்தான். வீட்டுக்குப் பின்னால, ஞாயித்துக்கிழமையில. விலை மட்டும் எங்களுக்குத் தாங்குற மாதிரி இருக்கணும்."

"காகிதம்னா ரொம்பச் சுலபம். முதல்ல ஒன்னு கேட்டுக்குங்க. அட்டைப்பெட்டியில குண்டோட வேகத்தைத்தான் பெரிய எழுத்துல போட்டிருப்பான். அதைப் பாத்து மயங்காதீங்க. வேகம் கூடக்கூட உள்ள ஸ்பிரிங்கு முரடாகும். தோள்ல குதிக்கும், குறி கலையும். உங்களுக்கு மெதுவா சுடுறதே போதும். சின்னக் குண்டு போடுற குழலா எடுத்துக்குங்க. குண்டும் மலிவு."

"தொலைநோக்கி வச்சது ஒன்னு மேல இருக்கே?" என்று மெக்கானிக் கைகாட்டினான்.

"இந்த விலையில தொலைநோக்கியும் சேத்துத் தர்றான்னா, அது பொம்மைன்னு அர்த்தம். ரெண்டு வாரத்துல ஆடிரும். அதுக்குக் குடுக்கிற காசுல நல்ல குண்டு வாங்குங்க. மட்டமான குண்டைப் போட்டா எந்தத் துப்பாக்கியும் கோணிக்கிட்டுத்தான் போகும்."

"காத்து அடைக்கிற உருளை வச்ச மாதிரி ஒன்னு சொல்றாங்களே?"

"நல்லதுதான். ஆனா அதை வாங்கினா பம்பு வாங்கணும். பம்பு வாங்கினா அதுக்கு வாஷரு, மீட்டரு. பொண்ணைக் கட்டினா மாமனார் வீடே வந்து உக்காந்துக்கிற மாதிரி."

"அனுபவம் பேசுது," என்று மெக்கானிக் முணுமுணுத்தான். மாஸ்டரம்மா அவன் காலை மிதித்தாள்.

கடைக்காரர் மலிவு அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தார். குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுத்துக் காட்டினார். "மடக்கிக் குண்டு போடும்போது குழலைப் பிடிச்ச கையை விட்றக் கூடாது. விட்டா பட்டுனு திரும்பி விரலைக் கடிச்சிரும். குண்டு போடாம வெறுமனே சுடக் கூடாது. அப்புறம், முக்கியமா, காத்து நசுங்குற அறைக்குள்ள எண்ணெய் விடவே கூடாது."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டு புன்னகைத்தான். இரும்பைப் பற்றி அவனுக்கு ஒருவர் பாடம் சொல்வதா!

அவள் துப்பாக்கியைத் தோளில் பொருத்தினாள். கனம் பிடித்திருந்தது. கடையின் கோடிச் சுவரில் வட்டம் வரைந்த அட்டை ஒன்று தொங்கியது. இடது கண்ணை மூடினாள்.

அட்டையைக் காணோம்.

சுவரையும் காணோம். பால் தெளித்த கண்ணாடிக்கு அப்பால் ஏதோ வெளிச்சம் அசைந்தது. குழல்முனையிலிருந்த முன்குறி கரைந்து போயிருந்தது. இடது கண்ணைத் திறந்தாள்: வட்டம், சுவர், குழல்முனை எல்லாம் வந்து நின்றன. மூடினாள்: எல்லாம் போய்விட்டன. இரண்டு கண்ணும் சேர்ந்தே திறந்திருந்த காலமெல்லாம் ஒரு கண் உழைத்திருக்கிறது. மற்றொரு கண் கூடவே உட்கார்ந்து உழைத்ததாகக் கணக்குக் காட்டியிருக்கிறது. பலூன் கடைக்குப் பிறகு ஒன்றை மூடிப் பார்க்க வேண்டிய வேலை அவளுக்கு வாய்க்கவேயில்லை.

"எப்படி இருக்கும்மா?"

"நல்லா இருக்கு. இதே போதும்."

"ஏய், இன்னும் ரெண்டு எடுத்துப் பாரு," என்றான் கணவன். "ஒரு கத்தரிக்கோல் வாங்கணும்னா கடைக்காரன் அழுதாலும் விடமாட்டே, துப்பாக்கிக்கு இதுதான் பொறுமையா?"

"இதே போதுங்க. வாங்க, போகலாம்."

வீடு வரும் வழியெல்லாம் அவள் நடந்தவற்றைக் கூட்டிப் பார்த்தாள். டீயை டம்ளருக்குள் ஊற்றாமல் பக்கத்தில் ஊற்றியது நினைவுக்கு வந்தது. "மாஸ்டரம்மா மேசைக்கும் டீ குடுக்குறாங்க" என்று நாத்தனார் சிரித்தது வந்தது. கதவின் பிடியைக் கை தேடித் துழாவியது வந்தது. போன வாரம் கத்தி கோட்டிலிருந்து நூலளவு விலகி, பெருவிரல் நகத்தை உரசிக்கொண்டு போனதும் வந்தது. அப்போது கத்தியைத் திட்டியிருந்தாள்.

சொல்லிவிடலாம். யாரிடம்? அடுத்த தெருவில் ஒரு கட்டர் இருந்தான். வெயில் நாளில் தலை சுற்றுகிறது என்று கம்பெனி மேற்பார்வையாளரிடம் ஒரே ஒருமுறை வாய்விட்டுச் சொன்னான். அதன்பிறகு கம்பெனி வண்டி அவன் வாசலில் நிற்கவேயில்லை. முதலாளிக்கு நோய் வந்தால் அது செய்தி. தொழிலாளிக்கு நோய் வந்தால் அது குற்றம்! திருடியவன் பொருளை ஒளிப்பான். உழைக்கிறவள் தன் உடம்பையே ஒளிக்க வேண்டியிருக்கிறது. அவளும் ஒளித்தாள். மேசையை நம்பியிருந்தது அவள் வயிறு மட்டுமன்று. பின்னறையின் வயிறும் அதன்மேல்தான் இருந்தது.

மறுநாள் காலை பின்கட்டு முற்றத்தில், வெட்டுத்துணிக் கழிவை மரப்பெட்டிக்குள் திணித்து இறுக்கி, முகப்பில் வட்டம் வரைந்த காகிதத்தை மெக்கானிக் ஒட்டினான். அவன் செய்த இன்னொரு காரியம் யாருக்கும் தெரியாது. முந்தின இரவு படுக்கப் போகுமுன் தையல் எண்ணெய்க் குப்பியை எடுத்து, குழலின் மூட்டிலும் திருகிலும் விட்டது போதாதென்று, காற்று வரும் துளைக்குள்ளும் தாராளமாய் விட்டிருந்தான். தன் வாழ்நாளில் எண்ணெய் வேண்டாமென்று சொன்ன இயந்திரத்தை அவன் கண்டதில்லை. மனைவியின் முதல் விளையாட்டுச் சாமான் முனகாமல் ஓடட்டும் என்ற ஆசை வேறு.

"அண்ணி, கை கூடிட்டா சொல்லுங்க," என்றாள் நாத்தனார். "பொத்தான் ஓட்டையெல்லாம் சுட்டே போட்டுருவோம். எனக்கு ஒரு வேலை மிச்சம்."

"தள்ளி நில்லு நீ."

"எவ்வளவு தள்ளி? அண்ணன் சுட்டா அடுத்த தெரு. நீங்க சுட்டா இங்கேயே நிக்கலாம்."

அவள் துப்பாக்கியை வலது தோளில் வைத்து, இடது கண்ணை மூடினாள். அந்தப் பால் மங்கலுக்குள் ஏதோ கறுப்பாய்த் தெரிந்தது. அதுதான் வட்டமென்று நம்பி விசையை இழுத்தாள்.

வெடித்தது! காற்றுத் துப்பாக்கி போடும் சத்தமா அது? சுவர்கள் அதிர்ந்தன, குழல்முனையிலிருந்து புகை சுருண்டது, எண்ணெய் கருகிய வாடை முற்றத்தை நிறைத்தது. நாத்தனார் பக்கத்தில் கிடந்த கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குண்டு பெட்டியின் மேல்விளிம்பில் ஒரு சிராயைப் பெயர்த்திருந்தது.

"உனக்கு ஒன்னும் ஆகலையே? கையைக் காட்டு. முகத்தைக் காட்டு." மெக்கானிக் அவள் விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கிப் பார்த்தான். பிறகு குழலை முகர்ந்தான். "நான்தான். உள்ள எண்ணெய் விட்டேன்."

"கடைக்காரரு வேணாம்னு சொல்லலையா அண்ணே?" என்று கூடைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"சொன்னாரு. நான்தான் கேக்கல."

அன்று அவள் மேலும் சில குண்டுகள் சுட்டாள். ஒன்று பெட்டியின் ஓரத்தில், ஒன்று காகிதத்தின் மூலையில், மற்றவை எங்கோ. ஒவ்வொரு குண்டுக்கும் அவன் தலை தாழ்ந்தது.

"என் எண்ணெய்தான் கெடுத்துருச்சு, இல்ல?"

அந்தக் கேள்வி அவளுக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டது. நுழையாமல் இருந்திருக்கலாம்.

"ஆமாங்க," என்றாள். "உங்க எண்ணெய்தான்."

திங்கட்கிழமை மெக்கானிக் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினான். கடைக்காரர் பிரித்துத் துடைத்துப் பூட்டினார். "காத்து நசுங்கும்போது சூடாகும். அந்தச் சூட்டுல எண்ணெய் பத்திக்கும். அதான் வெடிச்சது. நல்லவேளை, ஒன்னும் கெடல," என்று சொல்லி, அவரே கோடிச் சுவர் அட்டையில் சுட்டும் காட்டினார். குண்டுகள் ஒரே இடத்தில் போய் இறங்கின. அன்று மாலை வீட்டில் அவள் சுட்டாள். மறுபடியும் சிதறின.

"அவர் சுட்டப்ப நேராத்தான் போச்சு," என்றான் மெக்கானிக்.

தெரிந்துகொண்டானோ?

"ஒன்னும் கெடலைன்னு அவர் எனக்காகச் சொல்றாரு," என்று அவனே தொடர்ந்தான். "நான் வருத்தப்படுவேன்னு. நாலு குண்டு எப்படியோ நேராப் போயிருக்கும். உன் கண்ணு தப்பாது. பலூன் கடையில பாத்தவன் நான். உன் கண்ணு தப்பாதுன்னா தப்பு இரும்புலதான். இரும்புல தப்புன்னா அது நான் பண்ணது."

அவன் அவளை நம்பினான். நம்பிய அளவுக்குத் தன்னைத் தண்டித்துக்கொண்டான். மனைவியைச் சந்தேகிக்கும் கணவர்கள் மலிந்த உலகத்தில், மனைவியைச் சந்தேகிக்கத் தெரியாத ஒருவனிடமல்லவா அவள் பொய் சொல்லியிருந்தாள்!

அந்த வாரம் முழுவதும் அவள் கத்தியை ஓட்டினாள். கையுறையை ஆணியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள். "என்ன அண்ணி, திடீர்னு?" என்று நாத்தனார் கேட்டாள். "கை வறண்டு போச்சு," என்றாள். தலையை வலப்புறம் சாய்த்து, இடது கண்ணைக் கோட்டுக்கு நேராய்க் கொண்டுவந்து, அரைத்தூரம் வெட்டி நிறுத்தி, மூச்சுவிட்டு, மீண்டும் வெட்டினாள். கழுத்து வலித்தது. சட்டைக் கைத்துண்டுகளில் ஓர் அடுக்கு கோணலாகிவிட, அதைக் கழிவுக்குள் அமுக்கி மறைத்தாள்.

வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது, அதை அவள் கவனிக்கவில்லை. மெக்கானிக் தன் கையை நம்புவதை விட்டிருந்தான். எண்ணெய்க் குப்பியை எடுப்பான். இயந்திரத்தின் துளைக்கு மேலே பிடிப்பான். இங்கே விடலாமா, கூடாதா என்று யோசிப்பான். ஒரு சொட்டு விட்டுத் துணியால் அதையும் ஒற்றி எடுத்துவிடுவான். கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலையைக் கண்ணைத் திறந்துகொண்டும் செய்ய முடியாமல் நின்றான். பக்கத்துப் பட்டறையிலிருந்து இரண்டுமுறை அழைத்தார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் பின்னறையிலிருந்து ஒரு கிறீச்சொலி வந்தது. அதைத் தொடர்ந்து நாத்தனாரின் அலறல்.

"அண்ணே! புகையுது! தொடவே முடியல, கொதிக்குது!"

ஓவர்லாக் இயந்திரம் இறுகி நின்றிருந்தது. சக்கரத்தை அசைக்க முடியவில்லை. துண்டுகளை ஏற்றிப்போக மாலைக்குள் கம்பெனி வண்டி வந்துவிடும். பாதித் துண்டுகள் ஓரம் அடிக்காமல் கிடந்தன.

"எண்ணெயே போடலையா நீ?" என்றாள் தங்கை. "எலும்பா காஞ்சு கிடக்கு! ஊருக்கே எண்ணெய் போடுறவன் வீட்டு மெஷினைக் காய விட்டிருக்கே!"

மெக்கானிக் குப்பியைப் பிடித்தபடி நின்றான். "கை வர மாட்டேங்குது," என்றான். "எங்க போட்டாலும் கெடுத்துருவேனோன்னு இருக்கு. ஒரு பொம்மைத் துப்பாக்கியையே கெடுத்தவன். இதை எப்படித் தொடுறது? நீ வேற ஆளைக் கூப்பிடு."

வேற ஆளைக் கூப்பிடு! முன்கூடத்திலிருந்து அதைக் கேட்ட மாஸ்டரம்மா கத்தியைப் பாதிக் கோட்டில் நிறுத்தினாள். அவள் தன் பிழைப்பைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னாள். அந்தப் பொய் இன்னொருவன் பிழைப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. யாருக்காக ஒளித்தாளோ அவர்களே அதற்கு இரையாகிறார்கள். இனியும் ஒளிப்பதா?

மின்கத்தியின் சுவிட்சை அணைத்தாள். கையுறையைக் கழற்றினாள்.

"ரெண்டு பேரும் பின்கட்டுக்கு வாங்க."

"இப்பவா? வண்டி வரப் போகுது அண்ணி! துப்பாக்கி சுடுற நேரமா இது?"

"வான்னா வா."

முற்றத்தில் வெயில் சாய்ந்திருந்தது. அவள் குழலை மடக்கி, பிடித்த கையை விடாமல் குண்டைப் பொருத்தி, நிமிர்த்தினாள். வலது தோளில் வைத்துச் சுட்டாள். காகிதத்தில் ஒன்றும் படவில்லை. "பாத்தியா," என்று மெக்கானிக் முகத்தைத் திருப்பினான். "திரும்பாதீங்க. பாருங்க," என்றாள். மறுபடி குண்டு போட்டாள். இந்த முறை துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினாள். பழகாத தோள், கை தடுமாறியது, கன்னம் கட்டையில் சரியாகப் பொருந்தவில்லை. வலது கண்ணை மூடினாள். வட்டம் தெளிந்து நின்றது.

சுட்டாள். வட்டத்தின் கீழ்விளிம்பில் ஓட்டை விழுந்தது. அடுத்தது அதற்குப் பக்கத்தில். அடுத்தது இரண்டுக்கும் நடுவில்.

"அதே துப்பாக்கிதான்," என்றாள். "உங்க எண்ணெய் எதையும் கெடுக்கல. என் வலது கண்ணு தெரியலைங்க."

மெக்கானிக் அருகே வந்தான். எண்ணெய் படிந்த உள்ளங்கையால் அவள் இடது கண்ணை மூடினான். மறு கையின் விரல்களை அவள் முகத்துக்கு நேரே விரித்தான்.

"எத்தனை விரலு?"

"கை இருக்குன்னு தெரியுது. விரலு தெரியல."

"எப்பலருந்து?"

"கடையிலதான் தெரிஞ்சுது. எப்பலருந்து போச்சுன்னு எனக்கே தெரியாது."

"கடையிலயா?" அவன் கை கீழே இறங்கியது. "அப்ப ஞாயித்துக்கிழமை நான் கேட்டப்ப..."

"தெரியும். தெரிஞ்சுதான் உங்க எண்ணெய் மேல போட்டேன்."

அவன் ஓரடி பின்வாங்கினான். திட்டியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். அவன் துப்பாக்கியை அவள் கையிலிருந்து வாங்கி, சுவரில் சாய்த்து வைத்தான், அவ்வளவுதான். வெடித்தவள் நாத்தனார்.

"அண்ணனை விடுங்க. நீங்க இந்த வாரம் பூரா இந்தக் கண்ணோடவா கத்தி பிடிச்சீங்க? நான் பத்தடி தள்ளி உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டிருக்கேன், நீங்க விரலைக் குடுக்க நின்னீங்களா? விரல் போயிருந்தா எந்த எண்ணெய் மேல பழி போட்டிருப்பீங்க?"

"சொன்னா கம்பெனிக்காரன்..."

"கம்பெனிக்காரன் வந்து உங்களுக்குச் சோறு ஊட்டுவானா? நாளைக்குக் காலையில நீங்க கண்ணாஸ்பத்திரியில இருக்கணும். போகலேன்னா மேசைமேல போட்டுக் கட்டி நானே தூக்கிட்டுப் போவேன்."

"கண்ணுல புரையா இருந்தா உரிச்சு எடுத்துருவாங்க," என்றான் மெக்கானிக், யாரையும் பார்க்காமல். "வேற ஏதாவதா இருந்தா?"

அவன்தான் முதலில் உள்ளே போனான். இறுகிய இயந்திரத்தின் மூடியைக் கழற்றும் ஓசை கேட்டது. பிறகு எண்ணெய்க் குப்பியின் தகர அடி அமுங்கித் திரும்பும் டொக், டொக் என்ற ஒலி. தயங்கித் தொடங்கி, பிறகு தயங்காமல் கேட்டது. அவன் அவளிடம் பேச இன்னும் எத்தனை நாளாகுமோ, தெரியாது.

முன்கூடத்தில் பாதி வெட்டிய அடுக்கு காத்திருந்தது. மாஸ்டரம்மா கையுறையை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினாள்.

"எனக்கா? இத்தனை வருஷத்துல ஒருநாள் இந்தக் கத்தியைத் தொட விட்டிருக்கீங்களா?"

"விடல. தப்புதான். இப்ப பிடி."

"விரலு என்னோடது அண்ணி."

"அதனாலதான் கையுறை. கோணலா வந்தா வரட்டும். கோட்டைப் பாரு, கத்தியைப் பாக்காதே. தள்ளாதே, அது தானாப் போகும், நீ கூடப் போ."

கத்தி இரைந்தது. துணி பிளந்தது. கோட்டின் முதல் வளைவில் நாத்தனாரின் இடது கை கத்தியை நோக்கி நகர, மாஸ்டரம்மா மேசை விளிம்பை இறுகப் பற்றினாள். மேசையே கிடுகிடுத்தது.

"அண்ணி, நீங்க நடுங்கினா நான் எப்படி வெட்டுறது?"

"நான் ஒன்னும் நடுங்கல. நீ கோட்டைப் பாரு."

வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது. இருவரும் தலையைத் திருப்பவில்லை.